பட்டம் வட்டமாக



பைத்தான் நிரலில் 'பட்டம்' என்று ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம், இருக்கிறது. முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'வட்டம்' ஆக்க வேண்டும். முதல் இடத்தில் 'வ' வை என்று கட்டளை கொடுத்தால், 'டைப் எரர்' என்று மறுத்துவிடும். ஒருமுறை உருவான ஸ்ட்ரிங்கை அங்கே திருத்தவே முடியாது. 1995இல் வந்த ஜாவாவிலும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டோ, ஸ்ட்ரிக்ட் முறையில் எழுதாவிட்டால், மாற்றவும் மாற்றாது, பிழையென்றும் சொல்லாது. புதிதாகக் கற்பவரை அதிகம் அலைக்கழிப்பது இந்த மௌனம்தான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரே ஸ்ட்ரிங்கை நிரலின் பல பகுதிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கோப்பின் பெயரைச் சோதித்து அனுமதி கொடுத்த பிறகு, அதைத் திறப்பதற்குள் இன்னொரு பகுதி அந்தப் பெயரை மாற்றிவிட்டால் சோதனைக்கே பொருளில்லை. பைத்தானின் டிக்‌ஷனரியும் தகவலைத் தேடப் பயன்படும் சாவி ஸ்ட்ரிங்கின் எழுத்துகளிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டுத்தான் தகவலை எங்கே வைப்பதென்று முடிவு செய்கிறது. சாவி நடுவில் மாறினால் தகவல் ஓரிடத்தில் கிடக்கும், தேடல் வேறிடத்துக்குப் போகும். அதனால் இந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

மாற்ற வேண்டுமென்றால் புதிய ஸ்ட்ரிங் செய்ய வேண்டும்: 'வ'வோடு, பழையதில் முதல் எழுத்து போக மீதியை ஒட்டினால் 'வட்டம்' தயார். ஒன்றிரண்டு மாற்றங்களுக்கு இது போதும். பத்தாயிரம் எழுத்துள்ள ஸ்ட்ரிங்கில் ஒவ்வொன்றையும் இப்படி மாற்றினால், ஒவ்வொரு முறையும் முழுவதும் நகலாகி, பத்துக் கோடி எழுத்துகளைப் படியெடுக்க நேரும். அதற்குப் பதில் எழுத்துகளை ஒரு லிஸ்டில் பிரித்து, அங்கே வேண்டியதை மாற்றி, கடைசியில் 'ஜாயின்' கொண்டு ஒருமுறை சேர்த்துவிடலாம். ஜாவாவில் அந்த வேலைக்கு ஸ்ட்ரிங்பில்டர் உண்டு.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகள் 247. யூனிகோடின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் உள்ள இடங்கள் 128தான். 'கி' என்பது அங்கே 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. ஆகவே 'கிளி'யின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் நான்கு என்கிறது. 'பட்டம்' எளிதாக மாறியது, 'ப'வுக்குக் குறி இல்லாததால். 'கிளி'யில் முதல் இடத்தை எடுத்துவிட்டு 'பு' வைத்தால் 'புளி' வராது. பழைய இகரக் குறி 'பு'வுக்குப் பின்னால் ஒட்டாமல் தொங்கும். பைத்தானுக்குத் தனியாகக் கிடைக்கும் 'ரெஜெக்ஸ்' தொகுப்பு குறியோடு சேர்த்தே எழுத்துகளைப் பிரித்துத் தரும். அப்படிப் பிரித்த லிஸ்டில் முதலாவதை மாற்றிச் சேருங்கள், 'புளி' சரியாக வரும்.