வலியில்லாத கால் வீக்கம்: காரணங்கள் என்னென்ன?

(சங்கத்தின் தில்லிக் கிளையில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன். ரிடையரான பிறகு எனக்கு வாய்த்த வேலை, எங்கள் காலனியில் தனியாக இருக்கும் பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போவதும், அவர்களுடைய லேப் ரிப்போர்ட்டுகளை வாங்கி வருவதும்தான். அப்படிப் போய் உட்கார்ந்த இடங்களில் கேட்டதையும், வீட்டுக்கு வந்து படித்துச் சரிபார்த்துக் கொண்டதையும் இன்று சொல்கிறேன். மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை. டாக்டரிடம் என்ன விவரத்தோடு போக வேண்டும் என்பதுதான் பேச்சு.

நமக்குப் பல்வலி வந்தால் அன்றே டாக்டரிடம் ஓடுகிறோம். முழங்கால் வலித்தால் தைலம் தடவுகிறோம், ஊரெல்லாம் சொல்லிக் கொள்கிறோம். கால் வீங்கினால் மட்டும் ஒன்றும் செய்வதில்லை. ஏனென்றால் வலிப்பதில்லை. செருப்பு வார் இறுக்குகிறது, சாக்ஸ் கழற்றினால் தடம் விழுந்திருக்கிறது, மாமிகளுக்கு மெட்டி கழலவில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறு மாதம், ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. பிள்ளைகளோ பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். தினமும் வீடியோ காலில் பேசுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் அதில் முகம்தான் தெரியும், கால் தெரியாது. லீவில் வந்து நமஸ்காரம் பண்ணும்போதாவது அப்பா அம்மாவின் பாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் என்று இங்கே வந்திருக்கும் இளைஞர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

முதலில் ஒரு சிறிய பரீட்சை. கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மேல், கட்டை விரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அங்கே நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். குழி விழாமல் கெட்டியாக இருந்தால் அது வேறு வகை. அதற்குப் பிறகு வருகிறேன். ஒரு காலா, இரண்டு காலா என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

நீர் ஏன் கோக்கிறது? இதற்கு விடை சொன்னவர் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1896-ல் சொன்னார். நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியாக எப்போதும் கொஞ்சம் நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் ரத்த அழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. மிச்சம் வெளியே தங்குவதை நிணநீர்க் குழாய்கள் வடிகால் மாதிரி வாரிக்கொண்டு போய் மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன. தள்ளும் அழுத்தம் கூடினாலும், ஆல்புமின் குறைந்தாலும், வடிகால் அடைத்தாலும், குழாய்ச் சுவரே பழுதாகி ஓட்டை போட்ட மாதிரி ஆனாலும் வீக்கம்தான். இந்த நான்கையும் மனதில் வைத்துக் கொண்டால் மேலே நான் சொல்வதெல்லாம் எளிதில் புரியும்.

நம் வயதில் மிகச் சாதாரணமான காரணம் காலின் சிரைகள் தளர்ந்து போவது. சிரை என்றால் அசுத்த ரத்தத்தை மேலே கொண்டு போகும் குழாய். பேச்சு வழக்கில் 'நரம்பு' என்கிறோம், அது சரியல்ல. அசையாமல் நிற்கும்போது பாதத்தின் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இருக்கும். நடக்க ஆரம்பித்தால் 30-க்குக் கீழே வந்துவிடும். காரணம், ஆடுசதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. வால்வு தளர்ந்து போனவர்களுக்கும், காலைத் தொங்கப் போட்டபடி நாள் முழுவதும் டி.வி. முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சாயங்காலம் கால் வீங்கும், காலையில் வடிந்திருக்கும். நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குகிறவர்களுக்குக் காலையிலும் வடியாது. இதற்கு நடையும், படுத்துக் கொண்டு காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பதுமே பாதி வைத்தியம். இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் உதவும். ஆனால் காலுக்கு வரும் சுத்த ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பவர்கள் அதைப் போட்டால் ஆபத்து. டாக்டர் பாதத்தில் நாடி பார்த்துச் சொன்ன பிறகே வாங்குங்கள்.

அடுத்தது மாத்திரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஹாலில் இருப்பவர்களில் எத்தனை பேர் பி.பி.க்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னால், கூரை தெரியாது. நல்ல மாத்திரைதான். ஆனால் அது ரத்தத்தைக் கொண்டு வரும் குழாயை விரிக்கிற அளவுக்கு, திருப்பி எடுத்துப் போகும் குழாயை விரிப்பதில்லை. வாசல் கதவைத் திறந்துவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தி வைத்த மாதிரி. அதனால் சிலருக்குக் கணுக்காலில் நீர் கசிகிறது. 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது அதிகம். பெண்களுக்கு இன்னும் அதிகம்.

என் உறவுக்கார மாமி ஒருவர் நாக்பூரில் இருக்கிறார். வயது 72. அவருக்கு இந்த மாத்திரையை 5-லிருந்து 10 ஆக்கினார்கள். இரண்டு மாதத்தில் இரண்டு காலும் வீங்கின. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வேறு எதற்கோ போன இடத்தில் ஒருவர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த வகை வீக்கத்துக்கு நீர் மாத்திரை அதிகம் பிரயோஜனப்படாது. கால் அப்படியே இருந்தது. ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்திருக்க வேண்டி வந்தது. உடம்பில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கின. ஒருநாள் விடியற்காலை தலை சுற்றிப் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், "வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்றார். மேஜை மேல் பரப்பி, எது எப்போது ஆரம்பித்தது என்று தேதி வாரியாகக் கேட்டார். நீர் மாத்திரையை நிறுத்தினார், பி.பி. மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார். மூன்று வாரத்தில் மாமிக்குக் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. கை சரியாக மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

ஒன்று முக்கியம். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் பி.பி. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. கால் வீக்கத்தைவிடப் பக்கவாதம் பெரிய விஷயம். எழுதிக் கொடுத்தவரிடம் போய்க் கேளுங்கள், மாற்றுக்கு வழி உண்டு.

ஆம்லோடிபின் மட்டும் அல்ல. சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன் உடம்பில் நீரைத் தேக்கும். 2013 ஜூனில் நம் அரசாங்கம் அதை நிறுத்தி வைத்து, இரண்டு மாதத்துக்குள் எச்சரிக்கை வாசகத்துடன் மறுபடி அனுமதித்தது; இருதய பலவீனம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. பாத எரிச்சலுக்குத் தரும் ப்ரீகாபாலின், ஸ்டீராய்டு, முழங்கால் வலிக்கு நாமே கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் பிடிபட்டிருக்கிறது. 'மூலிகைதானே' என்று இருந்துவிடாதீர்கள்.

இனி உள் உறுப்புகள். இருதயம் பலவீனப்பட்டு ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாவிட்டால் பின்னால் தேங்கி, இரண்டு காலிலும் வீக்கம் வரும். கூடவே மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும், மூன்றாகும். ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமுகிறவர்களை "ஈஸ்னோஃபீலியா" என்று சொல்லிச் சமாதானப்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால் அது சதை அல்ல, நீர்.

சிறுநீரகக் கோளாறுக்கு அடையாளம் வேறு. காலையில் கண் இமை வீங்கியிருக்கும். சிறுநீரில் நுரை கலையாமல் நிற்கும். ஆல்புமின் அதில் ஒழுகிப் போவதால் அந்த நுரை. லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்த ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர், உடம்பு வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு ஸ்பூனில் விட்டு மெழுகுவர்த்தியில் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்தது. நீர்க்கோவைக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பை 1827-ல் இப்படித்தான் எழுதி வைத்தார். கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் எனக்கு இந்த ஸ்பூன் கதையில் தனிப் பிரியம். இன்றைக்கு அதையே ஒரு சாதாரண லேப் செய்து கொடுக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் ஆல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்தாக வேண்டும்.

ஆல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். அது கெட்டுப் போனால் கால் வீக்கத்தோடு வயிறும் உப்பும். குடி இல்லாத குடும்பம், நமக்கு ஏது லிவர் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சர்க்கரையும் பருமனும் சேர்ந்து கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்து, வருஷக்கணக்கில் அதைச் சுருக்கிவிடும்.

அழுத்தினால் குழி விழாத வகை என்றேனே, அதில் தைராய்டு குறைவு ஒன்று. தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மலச்சிக்கல், எந்நேரமும் சோர்வு. டி.எஸ்.எச். என்ற ஒரே பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அதில் இன்னொன்று யானைக்கால். ஆரம்பத்தில் இதில் குழி விழும். நாளாக ஆகக் கெட்டியாகிவிடும். இதை "கும்பகோணம் கால்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேலி பழக்கம். க்யூலெக்ஸ் கொசு மூலம் வரும் புழு, நிணநீர் வடிகாலை அடைத்துவிடுகிறது. இது பழங்கதை அல்ல. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா போன்ற இடங்களில் இப்போதும் இருக்கிறது. அங்கெல்லாம் நம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வீடு வீடாக வந்து சுகாதார ஊழியர்கள் மாத்திரை கொடுக்கும்போது, 'நமக்கெதற்கு' என்று வாங்கி ஜன்னலில் வைத்துவிடாமல் அவர்கள் எதிரிலேயே சாப்பிட்டு விடுங்கள். 2027-க்குள் ஒழிப்பது அரசாங்கத்தின் இலக்கு. இந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவும், ஆகையால் ரத்தம் எடுப்பதும் ராத்திரியில்தான். அகாலத்தில் வந்தார்கள் என்று கோபிக்க வேண்டாம். ஏற்கெனவே வீங்கிய காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்தாலே காய்ச்சலோடு வரும் உபத்திரவம் பெரிதும் குறையும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். எல்லோருக்கும் வலி இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த உறைகட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் ஆனவர்கள், மாதக்கணக்கில் படுத்திருப்பவர்கள், நீண்ட விமானப் பயணம் செய்து வந்தவர்கள் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேனுக்குப் போக வேண்டும். மெதுவாக ஒரு கால் மட்டும் வீங்கி வந்தால், அடிவயிற்றில் கட்டி ஏதாவது அழுத்துகிறதா என்றும் பார்ப்பார்கள். பெண்கள் கூச்சப்பட்டு இதைத் தள்ளிப் போடுகிறார்கள். வேண்டாம்.

தில்லியில் இருக்கிறோம், ஆகையால் ஒரு பழைய விஷயம். 1998 ஆகஸ்டில் இங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் வீங்கி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகள் நிரம்பின. 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. அதில் உள்ள சாங்குவினரின் என்ற விஷம் நுண்குழாய்ச் சுவரைப் பழுதாக்குகிறது. அழுத்தமும் சரி, ஆல்புமினும் சரி, குழாயே ஒழுகினால் என்ன செய்ய? பிரம்மதண்டு விதை பார்வைக்குக் கடுகு மாதிரியே இருக்கும். கலப்பட எண்ணெயில் கடும் நைட்ரிக் அமிலம் விட்டால் செம்மஞ்சளாக மாறும் என்று அப்போது பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டு, என் ஆபீஸ் நண்பர்கள் "நீர் கெமிஸ்ட்ரிக்காரர்தானே, எங்கள் வீட்டு எண்ணெயைப் பாரும்" என்று பாட்டிலோடு வந்தார்கள். அமிலத்தோடு விளையாட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். அந்த வருஷமே எண்ணெயைப் பாக்கெட்டில்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசின் உத்தரவு வந்தது. நாம் நல்லெண்ணெய்க்காரர்கள்தான், ஆனாலும் பேரன் பேத்திகள் கடுகெண்ணெயில் ஆலு பரோட்டா சாப்பிடுகிறார்கள். சில்லறையாக அளந்து கொடுப்பதை வாங்காதீர்கள்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். மூக்கிரட்டையை ஆயுர்வேதத்தில் புனர்நவா என்று சொல்லி வீக்கத்துக்குக் கொடுப்பது வெகு காலமாக உண்டு. அது தெரிந்த வைத்தியர் கையால் வரட்டும், சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் அவரிடம் சொல்லுங்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை முக்குவதைச் சர்க்கரைக்காரர்கள் செய்யவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவது தெரியாமல் கொப்புளம் ஆறாப் புண்ணாகிவிடும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன். சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, மோர்சாதத்துக்கு மாவடுவும், பக்கத்தில் அப்பளமும், மோர்மிளகாயும் வைத்துக் கொண்டால் கணக்கு எங்கே நிற்கும்?

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வீக்கம் எப்போது ஆரம்பித்தது, காலையில் வடிகிறதா, மூச்சு வாங்குகிறதா, எடை ஏறியதா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொள்ளுங்கள். அங்கே போனால் பாதி மறந்துவிடும்.

என் நேரம் முடிந்துவிட்டதாகக் காரியதரிசி சைகை காட்டுகிறார். அடுத்து நம் கிளையின் டாக்டர் உறுப்பினர் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்வார். வாசல் பக்கத்து மேஜையில் பி.பி.யும் எடையும் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்கும்போதே சாக்ஸைக் கழற்றி வைத்துக் கொண்டால் அவர்களுக்குச் சௌகரியமாக இருக்கும்.