வீட்டு முயலின் பாதுகாப்பு



முயலுக்குக் குரல் இல்லை என்றே சொல்லிவிடலாம். நாய் குரைக்கும், பூனை பசித்தாற் காலைச் சுற்றிவந்து கத்தும். முயலோ நோயுற்றாலும் வாய்திறவாது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பிற விலங்குக்கு இரையாகும் பிராணி தன் தளர்ச்சியைக் காட்டினால் உயிர் தப்பாது. ஆகவே அதனை வளர்ப்போர், ஆபத்து எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

நம் பற்றைக் காடுகளில் ஓடித்திரியும் முயல் வேறு. வீட்டில் வளர்க்கும் முயல் வேறு. முன்னையது வளை தோண்டி வாழ்வதில்லை. ஆபத்து வந்தால் ஓடும். பின்னையது ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளிலே தோன்றிய குழிமுயலின் வழிவந்தது; மண்ணைக் கண்டால் தோண்டும். ஆதலால் முற்றத்தில் அடைப்புக் கட்டுவோர் இரும்புவலையை ஓரடி ஆழமாயினும் மண்ணிற் புதைக்க வேண்டும். கிடுகுவேலியை நம்புதல் பேதைமை. உள்ளிருப்பது வெளியேறவும், கீரியும் மரநாயும் உள்ளே புகவும் அதில் வழி உண்டு. வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. மேற்புறமும் மூடப்பட வேண்டும்; குட்டிகளைக் காகம் விடாது.

இத்துணையும் செய்தால் போதுமென்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை முயல் இருந்தது. கூடு உறுதியானது. ஓரிரவு தெருநாய்கள் இரண்டு அதனைச் சுற்றிச்சுற்றிக் குரைத்தன. எழுந்து துரத்திவிட்டு, கூட்டுக்குச் சேதமில்லை என்று கண்டு நிம்மதியாக உறங்கினேன். விடியலிற் புல்லோடு சென்ற என் இளைய மகள் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் நின்றாள். முயலின் உடம்பில் ஒரு கீறல்தானும் இல்லை. அச்சமே அதனைக் கொன்றுவிட்டது. ஓடி ஒளிய ஓர் இருட்டுப் பெட்டி கூட்டினுள் இருந்திருப்பின் ஒருவேளை பிழைத்திருக்கும். இப்பொழுது எங்கள் முயல்கள் இரவில் வீட்டுக்குள்ளேயே உறங்குகின்றன.

அடுத்தது வெயில். முயல் நம்மைப்போல் வியர்த்துச் சூடு தணிக்கமாட்டாது. நீண்ட செவிகளின் வழியே ஓரளவு வெப்பம் வெளியேறும், அவ்வளவே. 30 பாகை செல்சியசுக்கு மேல் ஏறினால் அது வருந்தும். நம் சமவெளிகளில் அது பெரும்பாலான நாட்களில் நிகழ்வது. தகரக்கூரை ஆகாது, ஓலைக்கூரை நன்று. காலையில் நிழலாயிருந்த இடம் பிற்பகலில் வெயிலாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். போத்தலில் நீரை உறையவைத்துத் துணியாற் சுற்றி வைத்தால், அதனருகே சென்று படுத்துக்கொள்ளும்.

வீட்டினுள்ளே முதற்பகை மின்கம்பி. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. கடித்தல் அதற்குக் குறும்பன்று, தேவை. கம்பியைக் குழாயினுள் மறைத்து, கடிப்பதற்கு உலர்ந்த புல்லும் கொய்யாக் கொம்பும் இடுங்கள். அலரியும் எருக்கும் எட்டும் இடத்தில் இருத்தலாகாது.

செவியைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு, அது கொடுமை. ஒரு கை மார்பின் கீழும் மறுகை பின்புறத்தின் கீழும் இருக்க வேண்டும். பின்னங்கால்கள் தாங்கலின்றித் தொங்கினால், உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். சிறுவர்களை நிலத்தில் அமர்த்தியே கொஞ்ச விடுங்கள்.

அரைநாள் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால், நாளை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். போகும்போது, காற்றுப் புக இடம்விட்டுப் பெட்டியைத் துணியால் மூடிவிடுங்கள். வீதியின் இரைச்சலும் அதற்கு அச்சந்தான்.