விசாவோடு வரும் மருத்துவக் காப்பீடு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில், அயல்நாட்டுப் பணியாளர் வழிகாட்டுக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நமது மஹல்லாவில் அயல்நாட்டுச் சம்பாத்தியம் எட்டிப் பார்க்காத வீடு அரிது. நம் பாட்டனார்கள் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சவூதிக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் சென்றார்கள். இன்றும் ஒரு வாலிபருக்கு விசா வந்துவிட்டது என்றால் வீடே மகிழ்கிறது. சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கொரு முறை விடுப்பு என்றெல்லாம் தவறாமல் விசாரிக்கிறோம். "நோய் வந்தால் செலவு யாருடையது?" என்பதை மட்டும் நம்மில் பெரும்பாலோர் விசாரிப்பதில்லை. புறப்படும் நேரத்தில் நோயைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பது போன்ற ஒரு தயக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த ஒரு கேள்வியைப் பற்றியதே இவ்வுரை.

மார்க்க நோக்கில் ஒரு விளக்கம்

காப்பீடு என்றதும் சிலருக்கு எழும் ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1985 ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நிலையான பிரீமியத்துடன் நடத்தப்படும் வணிகக் காப்பீட்டை ஆகாததென்றும், ஒருவருக்கொருவர் உதவும் அடிப்படையில் அமைந்த கூட்டுறவுக் காப்பீட்டை அதற்கு மாற்றாகவும் தீர்மானித்தது. சவூதி அரேபியாவின் சட்டமும் 'கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்' என்றே பெயர் பெற்றுள்ளது. சொந்தப் பணத்தில் பாலிசி எடுப்பவர்கள் அதன் தன்மையை நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. ஆனால், நாட்டுச் சட்டத்தின் கட்டாயத்தால் முதலாளி நமக்காகச் செலுத்தும் காப்பீட்டில் என்ன இருக்கிறது என்று அறியாமலே இருந்துவிடுவது பேணுதல் ஆகாது. அது நமக்குரிய உரிமையைக் கவனியாமல் விடுவதே ஆகும்.

ஒரே சொல், மூன்று பொருள்கள்

'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று நம் பிள்ளைகள் சொல்லும்போது, மூன்று வேறு வேறு ஏற்பாடுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, நோய்க்கான மருத்துவக் காப்பீடு. காய்ச்சல் முதல் இருதய நோய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்பது இதுவே.

இரண்டு, வேலையின்போது ஏற்படும் காயத்திற்கான ஈடு. சவூதியில் இதனைச் சமூகக் காப்பீட்டு அமைப்பாகிய கோசி கவனிக்கிறது. சிங்கப்பூரில் வேலைக் காய ஈட்டுச் சட்டம் இதற்கென்றே உள்ளது. சாரத்திலிருந்து விழுந்தவர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை மட்டும் நம்பியிருந்தால் தமக்குரிய ஈட்டுத் தொகையை இழக்க நேரிடும்.

மூன்று, நம் இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் போன்று குடியேற்ற அனுமதி தேவைப்படும், அதாவது இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர்கள், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது இதனைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டுக்கு 275 ரூபாயும், மூன்றாண்டுக்கு 375 ரூபாயும் கட்டணம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இங்கே 'விபத்து' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். நெஞ்சுவலியால் உறக்கத்தில் மௌத்தானவரின் குடும்பத்திற்கு அந்தப் 10 லட்சம் வராது. இத்திட்டத்தில் மருத்துவச் செலவுக்கு உள்ள வரம்பும் ஒரு லட்சம் ரூபாய்தான். வளைகுடாவின் தனியார் மருத்துவமனையில் அத்தொகை சில நாட்களுக்கும் போதாது. எனவே இது நல்ல துணையே தவிர, மருத்துவக் காப்பீட்டுக்கு மாற்று அன்று.

இவற்றோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். புறப்படும் முன் செய்யும் 'மெடிக்கல்' உடற்தகுதிப் பரிசோதனை மட்டுமே. அதில் தேறியதால் காப்பீடு கிடைத்துவிட்டது என்று பொருளாகாது.

நாட்டுக்கு நாடு சட்டம்

சவூதி அரேபியாவில் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனியார் துறையில் பணிபுரியும் அயல்நாட்டவருக்கும், அவரோடு அங்கே வாழும் குடும்பத்தினருக்கும் காப்பீடு எடுத்துத் தருவது முதலாளியின் கடமை. இகாமா வழங்குவதும் புதுப்பிப்பதும் இதனோடு இணைக்கப்பட்டுள்ளன. 2022 அக்டோபர் முதல் அடிப்படைப் பாலிசியின் ஆண்டு உச்சவரம்பு 10 லட்சம் ரியாலாக உயர்த்தப்பட்டது. எனினும், வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர் விசாவில் செல்வோரின் நிலை வேறு. நான்கு பேருக்கு மேல் வீட்டுப் பணியாளர் வைத்திருக்கும் முதலாளிகளுக்கே 2024 ஜூலை முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுநர் ஒருவரையும் பணிப்பெண் ஒருவரையும் மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்குச் செல்பவர், "எனக்கு மருத்துவக் காப்பீடு உண்டா?" என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். நம் மஹல்லாவிலிருந்து ஹவுஸ் டிரைவராகச் செல்வோர் பலர் என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபி 2005 ஆம் ஆண்டிலும், துபாய் 2013 ஆம் ஆண்டிலும் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டங்களை இயற்றின. ஷார்ஜா, அஜ்மான், ராசல் கைமா, புஜைரா, உம்முல் குவைன் ஆகிய பகுதிகளில் தனியார் துறை ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இது கட்டாயமாயிற்று. அங்கு அறிமுகமான அடிப்படைத் திட்டத்தின் கட்டணம் ஆண்டுக்கு 320 திர்ஹம். அதனைச் செலுத்த வேண்டியவரும் முதலாளியே. துபாயின் அடிப்படைத் திட்டத்திற்கு ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹம். அதில் முதன்முறையாகச் சேர்பவருக்கு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஆறு மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. துபாய்க்குக் குடும்பத்தை அழைப்பவர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். ஊழியருக்கான காப்பீடே முதலாளியின் கடமை. மனைவி மக்களுக்கானது, அவர்களை அழைக்கும் உங்கள் பொறுப்பு. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கணக்கிடும்போது இதனையும் கணக்கில் சேருங்கள்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் உடையவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். நெடுநாள் 15,000 வெள்ளியாக இருந்த குறைந்தபட்ச ஆண்டு வரம்பு, 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாயிற்று. பிரீமியத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உயர்நிலை எம்ப்ளாய்மென்ட் பாஸில் செல்வோருக்கு இக்கட்டாயம் இல்லை. படித்த பிள்ளைகள் வேலைக் கடிதத்தில் இதனைத் தேடிப் பார்க்க வேண்டும். மலேசியாவில் 2011 முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கென 'ஸ்பிக்பா' என்னும் மருத்துவமனைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஊழியருக்கான பிரீமியம் முதலாளியின் செலவே. 'இன்சூரன்ஸ் பணம்' என்று ஒரு ஏஜெண்ட் உங்களிடம் தனியாகத் தொகை கேட்டால், எதற்காக, எந்தப் பாலிசிக்காக என்று ரசீதுடன் கேளுங்கள்.

'ஃப்ரீ விசா' என்னும் பள்ளம்

சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும் நம்மவர்கள் மருத்துவமனை வாசலில் தவிப்பது எதனால்? பெரும்பாலும் 'ஃப்ரீ விசா'வினால்தான். சட்டத்தில் அப்படியொரு விசா கிடையாது. ஒரு கஃபீலின் பெயரில் விசா வாங்கி, வேறோரிடத்தில் வேலை செய்வதற்கு நம்மூரில் வழங்கும் பெயர் அது. காப்பீடு கஃபீலின் கையில் இருக்கிறது. வேலையோ இன்னொருவரிடம் நடக்கிறது. நோய் வந்தால் இருவருமே பொறுப்பேற்பதில்லை.

நம் மஹல்லாச் சகோதரர் ஒருவர் இவ்வாறு வளைகுடா நாடொன்றில் ஒரு கடையில் வேலை பார்த்தார். நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவருடைய பாலிசி நான்கு மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது தெரியவந்தது. கஃபீல் தொலைபேசியை எடுக்கவில்லை. கடைக்காரர், "அவர் என் விசாவில் இல்லை" என்று கூறிவிட்டார். உயிரை அல்லாஹ் காத்தான். ஆனால் பில் பல லட்சம் ரூபாய். இங்கே அவருடைய மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றன. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் துண்டு விரித்து வசூலித்தோம். நம் ஜமாஅத் தாராளமாகவே கொடுத்தது. ஆயினும் அந்த வசூல் அந்த பில்லில் ஒரு சிறு பங்கைத்தான் ஈடுகட்டியது. விசாவை எடுத்துக்கொண்டு அவர் துஆ கேட்க வந்த அன்றே நம்மில் யாரேனும் அதனை வாங்கிப் படித்திருந்தால், அவருடைய வேலை ஒருவரிடமும் விசா ஒருவரிடமும் இருப்பதை அன்றே சொல்லியிருக்க முடியும்.

விசிட் விசாவில் சென்று வேலை தேடுவோர் நிலை இதனினும் கடினம். சுற்றுலாப் பயணிக்குரிய காப்பீட்டை நம்பி வேலையில் இறங்கினால், வேலையிடத்தில் நேரும் காயத்திற்கு அது கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

பார்க்க வேண்டியவை

பாலிசி கைக்கு வந்ததும் இவற்றைப் பாருங்கள்.

அட்டையில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக உள்ளனவா? நம் பெயர்களில் தந்தை பெயர், வீட்டுப் பெயர் முன்பின்னாக மாறுவது வழக்கம். பணம் கோரும்போது அதுவே தடையாகும்.

பாலிசி முடியும் தேதி எது? சவூதியில் இகாமா எண்ணைக் கொண்டு காப்பீட்டு மன்றத்தின் இணையதளத்திலேயே நிலையை அறியலாம். மாதத்திற்கொரு முறை பார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

எந்தெந்த மருத்துவமனைகள் அப்பாலிசியின் பட்டியலில் உள்ளன? தங்குமிடத்திற்கு அருகிலுள்ளது எது? இதனை நோய் வந்த பிறகு தேடக் கூடாது.

நம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய பங்கு எவ்வளவு? அமீரகத்தின் 320 திர்ஹம் திட்டத்தில் மருந்துக்கு 30 விழுக்காடு நம் பங்கு. மருந்துக்கான ஆண்டு வரம்பு 1,500 திர்ஹம். நாள்தோறும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இது முக்கியமான கணக்கு.

விண்ணப்பத்தில் உண்மை எழுதப்பட்டுள்ளதா? சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி மறைப்பவர்கள் உண்டு. மறைத்த நோய்க்கான செலவைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கும்போது, வாதாட நம்மிடம் நியாயம் இருக்காது. பொய்யான வாக்குமூலம் என்பது மார்க்கத்திலும் லேசான செயலன்று.

வேலை மாறும்போது என்ன ஆகும்? பழைய விசா ரத்தாகி, புதியது கிடைக்கும் இடைக்காலத்தில் பாதுகாப்பு அற்றுப்போகக் கூடும். விடுப்பில் ஊர் வரும்போது இங்கே செய்யும் சிகிச்சைக்கு அந்தப் பாலிசி பயன்படுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

ஜமாஅத் செய்யவிருப்பது

இவ்வாண்டு முதல் நம் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது. அயல்நாடு செல்பவர் தம் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகலையும், அங்கே தொடர்பு கொள்ள வேண்டிய ஒருவரின் எண்ணையும் தர வேண்டுகிறோம். நகலொன்றை மனைவியிடமோ தாயாரிடமோ கொடுத்து, அது இன்னதென்று விளக்கிவிட்டுச் செல்லுங்கள். சகோதரிகளே, கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமையுண்டு. ஒப்பந்தத்தின் ஆங்கிலம் விளங்காதவர்களுக்காக, அயல்நாட்டில் நெடுங்காலம் பணியாற்றி ஊர் திரும்பிய சகோதரர்கள் வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் படித்துச் சொல்ல முன்வந்துள்ளார்கள்.

இத்தனைக்குப் பின்னும் இடர் வந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகத் தயங்க வேண்டாம். 2009 ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, தகுதியுடையோரின் அவசர மருத்துவத்திற்கும், மையித்தை ஊருக்கு அனுப்புவதற்கும் உதவ வழியுண்டு. நம் தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள்.

சம்பாதிக்கச் செல்பவரின் உடலே அக்குடும்பத்தின் முதல். அம்முதலைக் காக்கச் சட்டம் ஒரு தாளைத் தந்திருக்கிறது. அதனை வாங்கிப் படித்து, காலாவதியாகாமல் காப்பது நம் கடமை. அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில், அப்பதிவேட்டில் எத்தனை பெயர்கள் ஏறின என்பதை உங்கள் முன் கணக்காக வைப்போம், இன்ஷா அல்லாஹ்.

கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண உடல்நலத்தையும் ஹலாலான ரிஸ்கையும் தந்து, அவர்களைக் குடும்பத்தாரிடம் நலமாகத் திரும்பச் சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.