தூரத்துத் துயரமும் நம் தெருவும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சுபுஹ் தொழுதுவிட்டு போனைத் திறந்தால் காஸா, சூடான், உக்ரைன் என்று எங்கோ ஓர் ஊர் எரிந்த செய்தி வருகிறது. நெஞ்சு பதறுகிறது. சிலர் கோபத்தோடு பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். சிலர் 'நம்மால் என்ன ஆகப்போகிறது' என்று மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். இரண்டினாலும் பசித்தவருக்கு ஒரு வாய்க் கஞ்சி கிடைப்பதில்லை. வேறு என்ன வழி? பக்கத்து நாடான இலங்கையில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கிகள். அவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஆனாலும் அடுத்த மாதமே குருநாகல், மினுவாங்கொடை பகுதிகளில் பாவமறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தம் மக்களைப் பறிகொடுத்து நின்ற கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், முஸ்லிம்களுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு கொரோனா. அதில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றது இலங்கை அரசு. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலை, பெற்றோர் சம்மதமில்லாமல் எரித்தார்கள். அப்போது கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் பல மதத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். நம் கஃபனை நினைவூட்டும் துணி அது.

2021 பிப்ரவரியில் தமிழர்கள் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை பேரணி நடத்தினார்கள். கட்டாய எரிப்பை நிறுத்து என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். 1990ல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய காயம் இன்னும் ஆறாத மண் அது. பழைய கணக்கைப் பார்த்திருந்தால் அந்தக் கோரிக்கையே எழுந்திருக்காது. அந்த மாதக் கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது.

2022ல் அதே நாடு அரிசிக்கும் மருந்துக்கும் தவித்தது. தமிழ்நாடு உதவ முன்வந்தபோது, தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் இலங்கைத் தமிழர் தலைவர்களே. மே 18 அன்று நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் அப்படித்தான் புறப்பட்டது.

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) எழுந்து நின்றதை நாம் படித்திருக்கிறோம். இறந்தவர் யார் ஆள் என்று பார்த்து வருவதல்ல இரக்கம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் இருக்கிற நாம் என்ன செய்யலாம்? மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, வந்த செய்தி உண்மையா, படம் எந்த வருடத்தியது என்று தெரியாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இரண்டு, சிலர் செய்த கொடுமைக்காக ஒரு சமூகத்தையே பிள்ளைகள் காதுபட ஏசாதீர்கள். 2019ல் இலங்கை முஸ்லிம்கள் அனுபவித்த வேதனையை நாம் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

மூன்று, தூரத்துத் துயரம் நம் தெருவுக்கும் வருகிறது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சென்னைக்கு வந்துகொண்டிருந்த ரயில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! அவர்கள் ஊரில் வெள்ளம், கலவரம் என்று கேள்விப்பட்டால், 'வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாப்பா?' என்று போய்க் கேளுங்கள். சாப்பாடோ, ஊருக்குப் போக டிக்கெட்டோ தேவைப்பட்டால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. அங்குள்ளவர்களையும் மறக்க வேண்டாம்.

உலகத்தையே சரிசெய்யும் பொறுப்பு நம் தலையில் இல்லை. நம் கைக்கு எட்டும் ஒருவரின் கண்ணீரைத் துடைத்தோமா என்ற கேள்வி நமக்கு உண்டு. அதற்குப் பதில் சொல்லும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.