பூட்டு ஊரில் பூட்டில்லாத கத்தி

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ரிட்டயர் ஆன பிறகு என்ன சார் செய்றீங்க?" என்று நம் செயலாளர் கேட்டார். "பேனாக்கத்தி சேர்க்கிறேன்" என்றேன். அவர் அரையடி பின்னால் நகர்ந்தார். பிறகு, "அதையே பேசுங்க, பத்து நிமிஷம்" என்று மாட்டி விட்டார்.

முதலில் பயத்தைப் போக்கி விடுகிறேன். சினிமாவில் வில்லன் 'சடக்'கென்று விரிப்பானே, அது ராம்பூர்க் கத்தி. விரித்தால் பூட்டிக்கொள்ளும். நான் சேர்ப்பது அதுவல்ல. விரல் நீளம் மடக்குக் கத்தி, அதிலும் சோடா மூடி திறக்கும் ஓப்பனர் வைத்தது. ஆயுத விதிகள் குறிப்பிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகை. என்னிடம் இருப்பதில் பெரியது மூன்று அங்குலம். கொய்யாப்பழம் நறுக்கலாம், பென்சில் சீவலாம். விமானத்தில் மட்டும் கைப்பையில் வைத்துவிடாதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.

இந்தக் கத்தியில் பூட்டே கிடையாது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம் ஊர். ஆனால் இந்தக் கத்தியை விரித்த நிலையில் நிறுத்துவது முதுகில் இருக்கும் ஒரு பட்டை ஸ்பிரிங் மட்டும்தான். அலகின் அடிக்கட்டை சதுரமாக இருக்கும். அதன் தட்டையான பக்கத்தின்மேல் ஸ்பிரிங் படுத்து அழுத்தும். மடக்கும்போது சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கும், மூலை தாண்டியதும் 'டக்'கென்று விழும். அந்த 'டக்'தான் கத்தியின் நாடி. சத்தம் மந்தமாக இருந்தால் வாங்காதீர்கள்.

பூட்டில்லாமல் சோடா மூடியை எப்படித் திறக்கிறது என்று கேட்பீர்கள். ஓப்பனரின் நுனி மூடியின் தலையில் உட்காரும், கொக்கி விளிம்புக்குக் கீழே மாட்டும். கைப்பிடியைத் தூக்கினால் விசை மடங்கும் பக்கம் போகாது, விரியும் பக்கம் போய் ஸ்பிரிங்கிலேயே முட்டி நிற்கும். எவ்வளவு எளிமையான கணக்கு பாருங்கள்! நம் பிசிக்ஸ் வாத்தியார் நெம்புகோல் பாடத்துக்கு இதைக் கையில் கொடுத்திருந்தால் எனக்கு இன்னும் பத்து மார்க் கூட வந்திருக்கும்.

அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் என்பவர் 1892இல் அந்தத் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடையதில் 24 பல், இப்போது வருவதில் 21. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் தக்கை உருவும் திருகு இருந்தது, ஓப்பனர் இல்லை. அது பிறகு சேர்ந்தது. நம் பக்கமோ கோலி சோடாவை விரலாலோ மரக்கட்டையாலோ அமுக்கிக் குடித்த சனம். பொவொன்டோ மாதிரித் தகர மூடி பாட்டில் கடைக்கு வந்த பிறகுதான் ஓப்பனருக்கு மவுசு.

இந்தக் கத்திகள் நம் சீமைக்கு வந்த வழியும் சுவாரஸ்யம். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள், பர்மா, மலேயா போய் வந்தவர்கள், பிறகு வளைகுடாக்காரர்கள் என்று பெட்டியில் ஒன்று கொண்டுவந்திருப்பார்கள். ஸ்பென்சர் கம்பெனி காலத்தில் சுருட்டுக்குப் பேர்போன ஊர் இது; சுருட்டு நுனியை வெட்டவும் ஒரு சின்னக் கத்தி வேண்டுமே. அவர்கள் போனபின் பேரப்பிள்ளைகள் அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். எனக்குக் கிடைத்ததில் பாதி அப்படி வந்ததுதான்.

வாங்கிய கத்தியை மாற்றலாமா, கூடாதா? சேர்ப்பவர்களுக்குள் இதில் பெரிய சண்டை. என் கட்சி இது: கைப்பிடிப் பட்டை உடைந்திருந்தால் தாராளமாக மாற்றுங்கள். நான் பூவரசும் புளியங்கட்டையும் போட்டிருக்கிறேன், பித்தளை ஆணி அடித்திருக்கிறேன். தோல் பதனிடும் ஊரில் உறைக்கா பஞ்சம்? ஆனால் அலகில் இருக்கும் கம்பெனி முத்திரையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மாங்காய், எலுமிச்சை வெட்டிக் கருத்த அலகைப் பளபளப்பாக்காதீர்கள். அந்தக் கருப்பு ஒரு மனுஷன் வாழ்ந்த கணக்கு. மூட்டில் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். "இப்பத்தான் எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில் ஆச்சே" என்று ஓப்பனரை அறுத்து எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல!

ஸ்பிரிங்தான் தலைவலி. நாகல்நகர்ப் பக்கம் பூட்டு செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். முதல் தடவை கத்தியைக் கொண்டுபோனபோது காதோரம் வைத்து மடக்கிப் பார்த்தார். "தம்பி, ஸ்பிரிங் செத்துப்போச்சு. உசிரு குடுத்துரலாம், ஆனா ஆணியத் தட்டாம முடியாது" என்றார். புதுப் பட்டை ஒன்றை அரத்தால் ராவி, செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெயில் முக்கினார். பிறகு மறுபடி மெதுவாகச் சூடுகாட்டினார். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா எல்லாம் தாண்டி நீலம் படர்ந்த நொடியில் எடுத்துவிட்டார். முந்தி எடுத்தால் ஒடியும், பிந்தினால் துவளும். தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். கூலி கேட்டால், "பூட்டு ஸ்பிரிங்குக்கு வாங்குறதக் குடுங்க" என்பார்.

எனக்காக ஒன்பது கத்திக்கு உயிர் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். பையன் கோவையில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அலிகார் பூட்டு விலையோடு மல்லுக்கட்டி அப்பா பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன். அந்த நீலத்தைப் பார்த்து எடுக்கத் தெரிந்த வேறு கை இந்த ஊரில் எனக்கு இன்னும் அகப்படவில்லை. செத்த ஸ்பிரிங்கோடு மூன்று கத்தி பீரோவில் கிடக்கிறது.

இந்த அரங்கில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள், பட்டறை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். பூட்டுப் பட்டறையில் இன்னும் உட்கார்ந்திருக்கும் வயதானவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு போவோம். அவன் பழகுகிற நாளுக்குக் கூலி நான் தருகிறேன். வீட்டில் தாத்தா கத்தி கிடந்தால் எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை.

மேடைக்குப் பக்கத்து மேஜையில் ஆறு கத்தி வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து மடக்கிப் பாருங்கள். கண்ணாடி பாட்டிலில் கலரும் வாங்கி வைத்திருக்கிறது. மூடியை நீங்களே திறந்துகொள்ள வேண்டியதுதான்.