சிவப்புப் பூ பதித்த காசு

வெளியூர் போய்த் திரும்பினால் சட்டைப் பையில் நாலைந்து சில்லறைக் காசு தங்கிவிடும். எந்தக் கடையில் யார் கொடுத்தது என்று நாம் யோசிப்பதில்லை. ஆனால் 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் கனடா போய்வந்த சில அமெரிக்கர்கள் யோசித்தார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனங்களின் ஆட்கள் அவர்கள். ரகசியங்களைக் கையாள அனுமதி பெற்றவர்கள். ஒருவர் தம் வாடகைக் காரில், காப்பிக் கோப்பை வைக்கிற குழியில், ஒரு காசைக் கண்டார். இன்னொருவர் கோட்டுப் பையைக் காலி செய்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதில் இரண்டு காசு கிடந்தது. யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

காசும் வழக்கமான காசாக இல்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, ஒளி புகும் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. மேலே கம்பி வலை போல ஏதோ ஒன்று. நானோ தொழில்நுட்பமாக இருக்கலாம் என்று அறிக்கை எழுதினார்கள். ஆனால் அப்படிப் பார்த்தவர் இன்னொன்றையும் எழுதியிருந்தார். இது மின்னணுக் கருவியாகத் தோன்றவில்லை, மின்சாரம் தரும் எதுவும் இதில் இருப்பதாகவும் தெரியவில்லை என்று. நேயர்களே, இந்த வரியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காகிதம் மேசை மாறி மேசை மேலே போயிற்று. போகிற வழியில் ‘இருக்கலாம்’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது. கடைசியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு பிரிவு வெளியிட்ட எச்சரிக்கையில், ரேடியோ அலைபரப்பிகள் பதித்த கனடா நாணயங்கள் குறைந்தது மூன்று முறை கண்டுபிடிக்கப்பட்டன என்று உறுதியாகவே அச்சாகிவிட்டது. 2007 ஜனவரியில் செய்தி உலகமெங்கும் பரவியது. எந்த நாட்டு வேலை இது என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் போதும். கனடாவின் 25 சென்ட் காசு 24 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. கனம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அது நிக்கல் முலாம் பூசிய எஃகு. உலோகத்துக்குள் அடைத்த கருவியின் ரேடியோ அலையை அந்த உலோகமே வெளியே விடாது. மின்கலம் இல்லாத சில்லு என்றால், அதைப் படிக்கும் கருவி அருகே வர வேண்டும். எல்லாவற்றையும் விட, காசு என்பது செலவாகிற பொருள். பின்தொடர வேண்டிய ஆள் அடுத்த கடையில் ஒரு காப்பிக்கு அதைக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

சில நாட்களிலேயே, அந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று அதை வெளியிட்டவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் அந்தக் காசு என்ன? அந்த விவரம் 2007 மே மாதத்தில்தான் வெளியே வந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தகவல் அறியும் சட்டப்படி கேட்டு வாங்கிய ஆவணங்களில் அது இருந்தது.

அது பாப்பிப் பூ பதித்த காசு. நம் சமையலறைக் கசகசாவின் உறவுக்காரச் செடி, அடர்ந்த சிவப்புப் பூ. முதல் உலகப் போரில் பதுங்குகுழி வெட்டிக் கிளறிய பிளாண்டர்ஸ் போர்க்கள மண்ணில் இந்தப் பூதான் முளைத்துப் பூத்தது. அதை வைத்து ஜான் மெக்கிரே என்ற கனடா ராணுவ மருத்துவர் 1915இல் ஒரு கவிதை எழுதினார். பின்னாளில் வந்த வழக்கப்படி, போரில் இறந்தவர்களின் நினைவாக நவம்பர் மாதத்தில் கனடியர்கள் இந்தப் பூவைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். போர்களில் உயிர்விட்ட 1,17,000 கனடியர்களுக்காக 2004இல் கனடா நாணயச்சாலை இந்தக் காசை வெளியிட்டது. கிட்டத்தட்ட 3 கோடிக் காசுகள். புழக்கத்துக்கு வந்த காசு ஒன்றில் வண்ணம் தீட்டியது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. டொரன்டோவில் ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் நீட்டியிருந்தால் ஒரே நொடியில் சொல்லியிருப்பார். யாரும் அவரிடம் நீட்டவில்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம் அதுதான்.

ஆனாலும் பயந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். காசுக்குள் உளவு ஒளிந்திருந்த காலமும் உண்டு. 1953 ஜூனில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பத்திரிகை போடும் சிறுவன் ஒருவன் வசூலித்த சில்லறையில் ஒரு 5 சென்ட் காசு கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே பொடிப் புகைப்படம் ஒன்று. அதில் வரிசை வரிசையாக எண்கள். அமெரிக்கக் காசில் கடவுளை நம்புகிறோம் என்று பொறித்திருப்பார்கள். அதில் நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லின் ஓர் எழுத்தில்தான், ஊசியால் குத்தித் திறப்பதற்கு ஒரு துளை. நான்கு ஆண்டுகள் அந்த எண்களை யாராலும் படிக்க முடியவில்லை. 1957இல் ஹேஹனன் என்ற சோவியத் உளவாளி அமெரிக்கர்களிடம் வந்து சேர்ந்தபோதுதான் புதிர் அவிழ்ந்தது. அது அவருக்கே வந்த கடிதம். பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொல்லித் தொடங்கியது. எப்படியோ ஊர்ச் சில்லறையோடு கலந்துவிட்டிருக்கிறது. அவர் காட்டிக்கொடுத்ததில் ருடால்ஃப் ஏபல் என்ற இன்னொரு சோவியத் உளவாளி பிடிபட்டார். 1962 பிப்ரவரியில் பெர்லின் அருகே கிளீனிக்கே பாலத்தில் ஏபலை விட்டுவிட்டு, சோவியத்திடம் சிக்கியிருந்த அமெரிக்க விமானி பவர்ஸை மீட்டார்கள். அந்தப் பவர்ஸும், சோவியத் நாட்டின் மேல் பறந்த நாளில், நச்சு ஊசி ஒளித்த ஒரு வெள்ளி டாலரை வைத்திருந்தவர்.

அந்தக் காசுகள் பேசவில்லை, அலை பரப்பவில்லை. ஒரு படத்தையோ ஊசியையோ சுமந்தன, அவ்வளவுதான். அந்தப் பழைய கதையின் நிழல்தான் பாப்பிக் காசின் மேல் விழுந்தது என்று நினைக்கிறேன். நமக்கும் இது புதிதல்ல. 2016 நவம்பரில் 2,000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதில் சில்லு இருக்கிறது, பூமிக்குள் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்றார்கள். அந்தச் சில்லுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள் குறைவு.

நுண்ணோக்கியில் தெரிந்த அந்தப் படலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது வண்ணத்தைக் காக்கும் பூச்சு. காசு ஆயிரம் கை மாறும். மாறும்போது பூவின் சிவப்பு தேய்ந்து போய்விடக் கூடாது என்று அதன் மேல் பூசியிருந்தார்கள்.