கம்பெனி வந்தது, மேஸ்திரி மாறவில்லை

(ஓசூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1994இல் எங்களோடு பத்தாம் வகுப்பு முடித்தவர்கள், முப்பது வருடம் கழித்து ஒன்றுகூடினோம். கறிச்சோறு, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-சர்ட், குரூப் போட்டோ. "அப்பல்லாம் நமக்கு சாதின்னா என்னன்னே தெரியாதேடா" என்று ஒருவன் மைக்கில் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது. கழிவறை கழுவும் முறை எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த வகுப்பில் நாங்கள் ஏழு பேர். போட்டோவில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். மீதி ஐந்து பேரைக் கூப்பிட யாரிடமும் எண் இல்லை. என்னிடமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சூளகிரிப் பக்கம். என் மதிப்பெண் சான்றிதழில் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. ஓசூரில் சிப்காட் 1970களிலேயே வந்துவிட்டது. அசோக் லேலண்ட், டைட்டன், டிவிஎஸ் என்று பெயர்களைக் கேட்டே வளர்ந்தோம். "நீ களி கிண்டிச் சாப்பிட்டுக் காட்டுல கிடக்க வேணாம், கம்பெனிக்குப் போயிடு" என்பாள் அம்மா. கம்பெனிக்குள் போனால் எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே கேன்டீன் என்று நானும் நம்பினேன்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தேன். ஒரு வருடம் அப்ரண்டிஸ். பிறகு கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு நிறச் சட்டை, எங்களுக்கு வேறு நிறம். அந்த லேபர் கான்ட்ராக்டர் யார் தெரியுமா? என் வகுப்புத் தோழனின் அண்ணன். அவர்கள் நிலத்தில்தான் என் அப்பா கூலிக்குப் போனார். அப்பாவுக்குக் கேழ்வரகு அளந்து போட்ட குடும்பம், எனக்கு பி.எஃப். பிடித்துக்கொண்டு சம்பளம் போட்டது. பிடித்த பி.எஃப். கணக்கில் ஏறியதா என்பது தனிக் கதை.

தொழில் வந்தால் சாதி தேயும் என்று படித்தவர்கள் பலர் சொல்வார்கள். எங்கள் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். நிலம் எடுத்தபோது இழப்பீடு பட்டாதாரருக்குப் போனது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கு இடமே இல்லை. மூன்று வருடம் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலியும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் எழுதியது. அதற்குள் அம்மாவின் இடுப்பு ஒடிந்துவிட்டது. இழப்பீட்டுப் பணமும் மிச்ச நிலமும் தண்ணீர் டேங்கர் ஆனது, கம்பெனி பஸ் ஆனது, வடக்கிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் லைன் வீடு ஆனது. நிலம் இருந்தவன் கம்பெனிக்குச் சேவை விற்கிறான். நிலம் இல்லாதவன் உடம்பை விற்கிறான். அரசு கையகப்படுத்திய நிலம், அரசு போட்ட ரோடு. ஆனால் வேலையில் இடஒதுக்கீடு கேட்டால் அது தனியார், பேசக்கூடாது.

ஏழு பேரில் ஒருவன் 1998இல் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். ஓசூரிலிருந்து முக்கால் மணி நேர பஸ் பயணம். எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. பட்டியல் சாதி என்பது மாநிலவாரியாக அறிவிக்கப்படுவது. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிக்காரர் பிழைக்கப் போன மாநிலத்தில் அந்த மாநிலச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990லேயே சொல்லிவிட்டது. அங்கேயே பிறந்து, கன்னடத்தில் படிக்கும் பிள்ளைக்கும் இதே கதிதான். அத்திப்பள்ளி தாண்டியதும் சான்றிதழ் பாதி செத்துவிடுகிறது. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டால் அங்கேயும் "நீவு யாவ ஜன?" என்றுதான் கேட்கிறார்கள்.

அதே அத்திப்பள்ளியில் 2023 அக்டோபர் 7ஆம் தேதி பட்டாசுக் கடை எரிந்தது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். தீபாவளி சீசன் கூலிக்கு தமிழ்நாட்டிலிருந்து போன பிள்ளைகள், பலர் மாணவர்கள். காலேஜ் பீஸுக்குச் சேர்த்த காசு. பத்து நாள் பேசினோம், பிறகு விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் சூடுகொண்டபள்ளி இணையரைக் கொன்று காவிரியில் வீசினார்களே, பெயர்களை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூரில் வாடகை வீடு எடுத்து வாழ்ந்தவர்கள். இத்தனை தொழிற்சாலைகள் இருக்கிற ஊர் தங்களை மறைத்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பார்கள். கர்நாடகத்தில் உடல் ஒதுங்கியபோது, அந்தத் தம்பி போட்டிருந்த டீ-சர்ட்டில் அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும் இருந்ததை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். எங்கள் ஒன்றுகூடலுக்குக் கொடுத்த டீ-சர்ட் வீட்டில் மடித்தபடியே இருக்கிறது. இன்னும் என்னால் போட முடியவில்லை.

எனக்குப் படிப்பு பயன்படவே இல்லை என்று நினைக்காதீர்கள். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்ததால்தான் பி.எஃப். கணக்கைக் கேட்டேன். கேட்டதால் வேலை போனது. வேலை போனதால்தான் சங்கத்து ஆபீஸ் வாசலை மிதித்தேன். அம்பேத்கரை அங்கேதான் வாசித்தேன், பள்ளிக்கூடத்தில் அல்ல. என் மகள் இப்போது எல்லைக்கு இந்தப்பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டிரெய்னி. ஹாஸ்டலில் ரூம் மேட் முதல் நாளே சாதி கேட்டாளாம். "சொன்னியா?" என்றேன். "சொன்னேன்பா, அவளும் நம்மாளுதான்" என்று சிரித்தாள்.

பள்ளிக்கு நுழைவு வளைவு கட்ட அந்த குரூப்பில் பணம் திரட்டுகிறார்கள். நானும் தருவேன். ஆனால் முதலில் விடுபட்ட ஐந்து பேரைத் தேடுவோம் என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். மைக்கில் பேசியவன் மட்டும் தனியாக அழைத்து, "எந்த ஐந்து பேர்டா?" என்று கேட்டான். பெயர்களைச் சொன்னேன். ஒரு பெயர் அவனுக்கு ஞாபகம் இருந்தது. பத்தாவது முடித்ததும் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் அவளை. ஆனேக்கல்லில் ஒரு கார்மென்ட்ஸில் தைக்கிறாளாம். வரும் ஞாயிறு நாங்கள் இருவரும் போகிறோம்.